எகிப்தியக் கல்லில் பறவைகள்: எழுத்தா, படமா, நிஜப் பறவையா?

கேள்வி இதுதான்: பழங்கால எகிப்தியக் கோயில்களிலும் கல்லறைகளிலும் சுவர் முழுக்கப் பறவைகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அவை எழுத்தா, அலங்காரமா, இல்லை தெய்வமா? அந்தப் பறவைகள் உண்மையிலேயே இருந்தவையா? இறகுகூடத் தெரிகிற அளவுக்குக் கல்லில் எப்படிச் செதுக்கினார்கள்?

எழுத்து, படம், தெய்வம் மூன்றும்தான். பெரும்பாலானவை நிஜப் பறவைகள், பலவற்றுக்கு இனப்பெயரே சொல்லிவிடலாம். ஆனால் இத்தோடு பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எகிப்தியச் சிற்பி பறவையை அவ்வளவு உற்றுப் பார்த்ததற்கு அவனுடைய எழுத்துமுறைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எழுதப் படிக்க வேண்டுமென்றால் பறவைக்குப் பறவை வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். எகிப்திய எழுத்தில் தகைவிலான் குருவியின் உருவம் ஒன்று உண்டு. சிட்டுக்குருவியின் உருவம் ஒன்றும் உண்டு. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிற்கும் பாணி, ஒரே மாதிரிச் சின்ன அலகு. தகைவிலான் வந்தால் ‘பெரிய’, ‘மகத்தான’ என்ற பொருள் தரும் சொல்லில் வரும். சிட்டுக்குருவி வந்தால் சிறியது, கெட்டது, நோய் போன்ற சொற்களின் கடைசியில் நின்று ‘இது தீயது’ என்று குறிப்புக் காட்டும். இரண்டையும் பிரிப்பது வால் மட்டும்தான். தகைவிலானின் வால் நுனி கவட்டை போலப் பிளந்திருக்கும். சிட்டுக்குருவியின் வால் நுனி உருண்டிருக்கும். அரசனைப் புகழ்ந்து ஒரு வரி செதுக்கும்போது உளி வால் நுனியில் கொஞ்சம் தவறினால் புகழ் வசையாகிவிடும். அப்படியிருக்க, வாலைப் பார்க்காமல் யார் செதுக்குவார்கள்?

இதே மாதிரி இன்னொரு இரட்டை, மஞ்சள்முகப் பாறும் வைரி போன்ற இன்னொரு வேட்டைப் பறவையும். பின்னந்தலை கோணமாக ஒடிந்தால் பாறு, உருண்டையாக இறங்கினால் மற்றது. கல்வெட்டுப் படிக்கப் பழகும் மாணவர்கள் இன்றைக்கும் முதலில் திணறுவது இந்த இரண்டில்தான். ஆலன் கார்டினர் என்ற ஆங்கிலேய அறிஞர் எகிப்திய எழுத்துகளை வகை பிரித்துப் பட்டியல் போட்டபோது, பறவைகளுக்கு மட்டும் தனி வகுப்பு ஒதுக்கி அதில் 54 எண்கள் கொடுத்தார். தலை, சிறகு, இறகு, கால் நகம், முட்டை போன்ற பறவை உறுப்புகளுக்கு வேறொரு வகுப்பு. ஒரு எழுத்துமுறையில் இத்தனை பறவைகள் இருப்பது நைல் பள்ளத்தாக்கைப் பார்த்தால் வியப்பாக இருக்காது. ஐரோப்பாவிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் பறவைகளுக்கு அது ஒரு பெரிய வழித்தடம். இருபுறமும் பாலைவனம், நடுவில் தண்ணீர். இலையுதிர்காலத்தில் கடலைத் தாண்டி வந்த காடைகள் களைத்துப்போய்க் கரையில் விழும். வாத்துகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக டெல்டாச் சதுப்பில் இறங்கும். அவ்வளவும் அந்த ஊர்க்காரன் கண்ணெதிரே நடந்தது.

எழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். பறவை உருவங்களில் சில தனி ஒலியைக் குறிப்பவை. ஆந்தை ‘ம்’ ஒலி. காடைக்குஞ்சு ‘உ’ அல்லது ‘வ’ ஒலி. மஞ்சள்முகப் பாறு தொண்டையில் நிற்கும் ஒரு மெய்யொலிக்கு வந்து, பிற்காலத்தில் வெளிநாட்டுப் பெயர்களை எழுதும்போது ‘அ’ ஆக நின்றது. துட்டன்காமுன் பெயரைச் சுற்றி நீள்வட்டம் போட்டிருக்கும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு சின்ன அரைவட்டங்களுக்கு நடுவே ஒரு காடைக்குஞ்சு நிற்கும், பாருங்கள். கிளியோபாட்ரா பெயரில் மஞ்சள்முகப் பாறு இரண்டு முறை வரும், ஆறாவது இடத்திலும் ஒன்பதாவது இடத்திலும். பிரான்ஸின் ஷாம்போலியன் 1822இல் இந்த எழுத்துமுறையைத் திறந்தபோது அவருக்குக் கை கொடுத்த சான்றுகளில் அந்தப் பெயரும் ஒன்று. அதே பாறுதான் நம் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் குருக்கள் கையால் உணவு வாங்கிக்கொண்டிருந்த பறவையும். 1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுபோயிற்று. இனம் மாறாத ஒரே பறவை, அங்கே எழுத்து, இங்கே தலபுராணம்.

அரசர் பெயர் இருக்கும் எந்தச் சுவரிலும் நீங்களே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு பறவை உண்டு. நீள்வட்டத்துக்கு மேலே ஒரு வாத்தும் அதன் முதுகுக்கு மேல் ஒரு வட்டமும் இருந்தால், அது ‘ரா என்ற சூரியக் கடவுளின் மகன்’ என்ற பட்டம். வட்டம் சூரியன். வாத்து ‘மகன்’ என்ற சொல்லின் ஒலிக்காக வந்தது. அது ஊசிவால் வாத்து, குளிர்காலத்தில் நம் ஊர் ஏரிகளுக்கும் வருகிற அதே இனம். நன்றாகச் செதுக்கிய சுவரில் வாலின் நடு இறகு தனியாக நீண்டிருப்பது தெரியும். இன்னொரு உபயோகமான விஷயம்: பறவைகளும் விலங்குகளும் வரியின் தொடக்கத்தைப் பார்த்தபடிதான் நிற்கும். பறவை வலப்பக்கம் பார்த்தால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முகத்தை நோக்கிப் போக வேண்டும் என்று நினைவு வைத்துக்கொண்டால் சரி.

இனி வடிவத்துக்கு வருவோம். எல்லாப் பறவையும் பக்கவாட்டில் நிற்கும்போது ஆந்தை மட்டும் தலையைத் திருப்பி நம்மை நேராகப் பார்க்கும். உடல் பக்கவாட்டில், முகம் நேரே. ஒரு பொருளை அது எந்தக் கோணத்தில் சந்தேகமில்லாமல் அடையாளம் தெரியுமோ அந்தக் கோணத்தில் காட்டுவது எகிப்தியக் கலையின் அடிப்படை. ஆந்தையின் அடையாளம் அதன் வட்ட முகம். அதைப் பக்கவாட்டில் காட்டினால் ஆந்தையே இல்லாமல் போய்விடும். பறக்கும் பறவைகளிலும் இதே விதிதான்: உடல் பக்கவாட்டில் இருக்கும், சிறகும் வாலும் மேலிருந்து பார்ப்பதுபோல் விரிந்திருக்கும். நிஜத்தில் அப்படி ஒரு நிலையில் எந்தப் பறவையும் இருக்காது. ஆனாலும் பார்த்த கணத்தில் இன்ன பறவை என்று தெரியும்.

நியூயார்க்கில் உள்ள மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் ஆந்தை முகம் மட்டும் செதுக்கிய ஒரு சிறு சுண்ணாம்புக்கல் பலகை இருக்கிறது. கி.மு. 400க்கும் 30க்கும் இடைப்பட்ட காலத்தது. உடல் கிடையாது, எழுத்து கிடையாது, முகம் மட்டும். கண்ணைச் சுற்றி இறகுகள் வட்டமாகப் பரவி வெளி விளிம்பில் மடங்குவதைச் சிற்பி கோடு கோடாகக் கொண்டுவந்திருக்கிறார். இதுபோன்ற பலகைகள் உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் உண்டு. தகைவிலான், காடைக்குஞ்சு, வல்லூறு, பாறு என்று ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. சிலவற்றில் ஓரத்தில் கட்டம் போடுவதற்கான கீறல்கள் அப்படியே நிற்கின்றன. சிலவற்றில் பறவை பாதியில் நிற்கிறது: உருவம் திரண்டிருக்கும், இறகு வந்திருக்காது.

இவை எதற்காகச் செய்யப்பட்டவை என்பதில் இரண்டு கருத்து உண்டு. பட்டறையில் மாணவனுக்கு ‘இதைப் பார்த்துச் செதுக்கு’ என்று வைக்கும் மாதிரிப் பலகை என்பது பழைய கருத்து. இவற்றில் சிலவாவது கோயிலில் காணிக்கையாக வைக்கப்பட்டவை என்பது பின்னால் வந்தது. கட்டக் கீறலும் பாதி வேலையும் முதல் கருத்துக்குத் துணை நிற்கின்றன. மெருகு கலையாமல் முழுமையாக இருக்கும் பலகைகளைப் பார்த்தால் இரண்டாவதும் பொருத்தமாகத்தான் படுகிறது. ஒரே வகைப் பலகை இரண்டு வேலையும் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும், செய்முறையைக் கற்க இவற்றைவிட நல்ல பொருள் இல்லை.

அந்தச் செய்முறை இப்படி. நல்ல சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் முகத்தைத் தேய்த்துச் சமன் செய்வார்கள். கல்லில் குழியோ விரிசலோ இருந்தால் சாந்து பூசி நிரப்புவார்கள். சிவப்புக் காவியில் நனைத்த நூலைச் சுவரில் இழுத்து விட்டுக் கட்டம் போடுவார்கள். ஓவியர் சிவப்பில் உருவத்தை வரைவார். அவருக்கு மேலான ஆள் வந்து கறுப்பில் திருத்துவார். அப்புறம்தான் உளி. இந்த வரிசை நமக்கு எப்படித் தெரியும் என்றால், வேலை முடியாமல் நின்றுபோன கல்லறைகள் இருக்கின்றன. அரசர்களின் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெபின் கல்லறையில் ஒரு சுவரில் சிவப்புக் கோடும் கறுப்புத் திருத்தமும் மட்டும் இருக்கும், இன்னொரு சுவரில் பாதி செதுக்கியிருக்கும், மற்றொன்றில் வண்ணமே பூசி முடித்திருக்கும். ஒரே கல்லறையைச் சுற்றி வந்தால் பட்டறையின் எல்லாக் கட்டமும் கண்ணுக்குக் கிடைத்துவிடும். அந்தக் கறுப்புத் திருத்தங்களை நான் மிகவும் மதிக்கிறேன். வரைந்தவர் கை நல்ல கைதான், ஆனாலும் யாரோ ஒருவர் பொறுமையாக நின்று கோட்டைச் சற்று இந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறார்.

செதுக்கும் முறை இரண்டு. ஒன்று, உருவத்தைச் சுற்றியுள்ள கல்லை எடுத்துவிட்டு உருவத்தை மேலே எழும்ப விடுவது. மற்றொன்று, சுவரின் முகத்தை அப்படியே விட்டு, உருவத்தின் விளிம்பை ஆழமாக வெட்டி, அந்தக் குழிக்குள்ளேயே உருவத்தை வார்த்தெடுப்பது. முன்னதைப் பெரும்பாலும் உள்ளறைகளில் பார்க்கலாம். மங்கலான விளக்கொளியில் சில மில்லிமீட்டர் உயரம்கூட மென்மையாகத் தெரியும். பின்னது வெளிச்சுவருக்கு ஏற்றது. எகிப்தின் உச்சிவெயிலில் மெல்லிய புடைப்பு கரைந்து மறைந்துவிடும். ஆழமாக வெட்டிய விளிம்பில் மட்டும் நிழல் கறுத்து நின்று பறவையைக் காட்டும். குழித்து வெட்டுவதில் வேலையும் குறைவு. அபிடோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலில் உள்பகுதிகள் எல்லாம் மெல்லப் புடைத்த வேலை. அவர் இறந்தபின் மகன் இரண்டாம் ராமசேஸ் முடித்த பகுதிகள் குழித்து வெட்டியவை. அப்பா காலம் முடிந்து மகன் காலம் தொடங்கும் இடத்தைக் கல்வெட்டைப் படிக்காமலே சொல்லிவிடலாம்.

கருவி விஷயத்தில் ஒரு சந்தேகம் பலருக்கு வரும். பெரிய பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்தில் (ஏறத்தாழ கி.மு. 2700 முதல் 2200 வரை) இரும்பு உளி கிடையாது, செம்பு உளிதான். சுண்ணாம்புக்கல்லுக்கு அது தாராளமாகப் போதும். முனை மழுங்க மழுங்கத் தட்டித் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிவப்புக் கருங்கல்லில் செம்பு ஏறாது. அங்கே கடினமான கல்லால் இடித்து, மணலை வைத்துத் தேய்த்துத்தான் உருவம் கொண்டுவந்தார்கள். லக்சர் நகரத்துக் கார்னக் கோயிலில் ஹட்ஷெப்சுட் அரசியின் கருங்கல் தூணில் பறவைகள் கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு கூர்மையாக நிற்கும். அவற்றில் ஒவ்வோர் இறகையும் தேட வேண்டாம். கருங்கல்லில் வெளிக்கோட்டின் சுத்தம்தான் அழகு.

இறகைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கார்னக்கின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கும் முதலாம் செனுஸ்ரெட்டின் வெள்ளை மண்டபத்துக்குப் போக வேண்டும். கி.மு. 1950 வாக்கில் சுண்ணாம்புக்கல்லில் கட்டியது. பின்னால் வந்த மூன்றாம் அமென்ஹோடெப் இதைப் பிரித்துத் தன் பெரிய வாசலுக்குள் நிரப்புக்கல்லாகப் போட்டுவிட்டார். 20ஆம் நூற்றாண்டில் ஆன்ரி ஷெவ்ரியே அந்த வாசலுக்குள்ளிருந்து கல் கல்லாக எடுத்து மீண்டும் நிறுத்தினார். நூற்றாண்டுகளாக வெயிலும் காற்றும் படாமல் உள்ளே கிடந்ததால் செதுக்கல் புதிது போல இருக்கிறது. அங்கே ஆந்தையின் மார்புப் புள்ளியும், வல்லூறின் கண்ணுக்குக் கீழே இறங்கும் கறுப்புப் பட்டையும், காடைக்குஞ்சின் குட்டைச் சிறகும் தனித்தனியாகத் தெரியும். அவை வெறும் எழுத்துகள். ஒரு கை அகலம்கூட இருக்காது. ஒரு வரியைப் படிப்பதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு உழைப்பு அதில் இருக்கிறது.

இப்போது எழுத்தை விட்டுப் படத்துக்கு வருகிறேன். பறவைப் படங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது உசர்காஃப் அரசரின் கோயிலிலிருந்து வந்த ஒரு துண்டு. ஐந்தாம் அரச வம்சத்தின் முதல் அரசர் அவர். காலம் கி.மு. 2490 வாக்கில், இடம் சக்காரா. கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்த அந்தக் கல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். பாப்பிரஸ் கோரையின் குடை போன்ற தலைகள், அவற்றின்மேலும் நடுவிலும் பறவைகள்: மீன்கொத்தி, அரிவாள் மூக்கன், நீலத் தாழைக்கோழி, கொண்டலாத்தி. வண்ணம் போய்விட்டது. ஆனால் வண்ணம் இல்லாமலேயே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். தாழைக்கோழியின் தடித்த அலகையும் நெற்றிக் கேடயத்தையும், கொண்டலாத்தியின் கொண்டையையும் வெறும் கோட்டிலேயே பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள், கொண்டலாத்தி சதுப்பு நிலப் பறவை இல்லை. காய்ந்த தரையில் புழு கிண்டித் திரிவது. பாப்பிரஸ் புதருக்கு நடுவே அதற்கு வேலையே இல்லை. சிற்பிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அழகான கொண்டைக்காரனைச் சேர்த்தால் காட்சி நிறைகிறது என்று சேர்த்துவிட்டார். எகிப்தியப் பறவைப் படங்களை நம்புவதற்கு ஓர் எல்லை உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். உடல் துல்லியம், இடம் அவ்வளவு துல்லியமில்லை. ‘இந்தப் பறவை எகிப்தில் இருந்தது’ என்று சொல்ல இவை நல்ல சான்று. ‘இங்கே கூடு கட்டியது, இங்கே இரை தேடியது’ என்று சொல்ல வேறு சான்றும் வேண்டும்.

சக்காராவிலேயே டி என்ற அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அதே ஐந்தாம் வம்சக் காலம். அங்கே நீர்யானை வேட்டைச் சுவரைத்தான் எல்லோரும் படமெடுப்பார்கள். படகில் டி நிற்கிறார், பின்னணி முழுக்கப் பாப்பிரஸ் தண்டுகள் செங்குத்துக் கோடுகளாகக் கீழிருந்து மேல்வரை ஓடுகின்றன. என் ஆலோசனை, டி-யைக் கொஞ்சம் மறந்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பாருங்கள். தண்டுகள் பூவாக விரியும் உயரத்தில் வேறொரு கதை நடக்கிறது. கூடுகளில் குஞ்சுகளும் முட்டைகளும். கீரியும், மரநாய் போன்ற ஜெனெட்டும் தண்டு வழியாகக் கூட்டை நோக்கி ஏறுகின்றன. ஏறும் விலங்கின் எடையில் தண்டு வளைகிறது! அத்தனை நேர்கோடுகளுக்கு நடுவில் அந்தத் தண்டு மட்டும் வளைந்திருக்கும். தாய்ப்பறவைகள் சிறகை விரித்து அலறிக்கொண்டு மேலே சுற்றுகின்றன. மனிதர்கள் விறைப்பாக, அசையாமல் நிற்கும் சுவரில் உயிர்த்துடிப்பெல்லாம் இந்த மேல்வரிசைக்குப் போய்விட்டது. மனித உருவத்துக்கு விதிகள் கடுமை. பறவையிடம் சிற்பிக்குக் கொஞ்சம் கை அவிழ்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கல்லறைச் சுவர்களில் பறவைகள் வருவதற்கு நேரான காரணமும் உண்டு: சாப்பாடு. இறந்தவருக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை என்பது படையல் வாசகத்தின் வழக்கமான பாடம். அதனால்தான் பறவை பிடிக்கும் காட்சிகள் அத்தனை. குளத்தின் மேல் அறுகோண வலையை விரித்துவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி ஆட்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். ஒருவன் மட்டும் தனியாக நின்று பறவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். நேரம் வந்ததும் ஒரு துணியைத் தூக்கிச் சைகை காட்டுவான், சத்தம் போட்டால் பறந்துவிடுமே. உடனே எல்லோரும் சேர்ந்து பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். சில சுவர்களில் இழுத்த வேகத்தில் ஆட்கள் தரையில் மல்லாந்தே விழுகிறார்கள். பிடித்த பறவைகளைக் கூடையில் அடைத்துக் கொண்டுபோய்ப் பண்ணையில் வளர்ப்பார்கள். டி-யின் கல்லறையில் வாத்துகளுக்கும் கொக்குகளுக்கும் மாவு உருண்டையை வாயில் திணித்துக் கொழுக்க வைக்கும் காட்சி இருக்கிறது. கொக்கு பெரிய பறவை, ஓட்டிச் செல்லும்போது எழும்பிப் பறந்துவிடாமல் இருக்க அலகைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பதைச் சில சுவர்களில் காட்டுகிறார்கள். கழுத்தை நீட்ட முடியாவிட்டால் அதற்கு எழும்ப வராது. பண்ணையில் வேலை பார்த்தவர்களை அருகிலிருந்து பார்த்தவர்தான் இதைச் செதுக்கியிருக்க முடியும்.

பழைய அரசுக் காலத்தின் இந்தப் பண்ணைகள் எதிலும் கோழி கிடையாது. வாத்து, தாரா, புறா, கொக்கு, காடை எல்லாம் இருக்கும். கோழி எகிப்துக்குப் பிற்காலத்தில் வந்த பறவை.

சிற்பியின் நுட்பத்தைப் பேசும்போது நெஃபர்மாத்தைச் சொல்லாமல் விட முடியாது. நான்காம் வம்சத் தொடக்கத்து இளவரசர், மெய்தூமில் கல்லறை. அங்கே உருவங்களைக் குழித்து வெட்டி, குழிக்குள் வண்ணப் பசையை அடைத்தார்கள். அழிக்க முடியாதபடி தன் உருவங்களைச் செய்ததாக அவரே கல்வெட்டில் பெருமைப்படுகிறார். பாவம், பசை உலர்ந்து சுருங்கிப் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. அதே கல்லறைத் தொகுதியில் அவர் மனைவி இடெட்டின் பகுதியில் சாந்தின்மேல் சாதாரணமாகத் தீட்டிய வாத்துகள் 4,600 ஆண்டுகள் தாண்டி இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. மெய்தூம் வாத்துகள் என்று உலகமே கொண்டாடுவது அவற்றைத்தான். அது ஓவியம், புடைப்பு இல்லை. ஆனால் பறவையை இவ்வளவு பார்த்த கண்கள் அவை என்பதற்காக இங்கே குறிப்பிடுகிறேன்.

தெய்வங்களாக வரும் பறவைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் வேகமாகக் கடக்கிறேன். வல்லூறு ஹோரஸ், அரசனின் தெய்வம். லூவ்ரில் இருக்கும் முதல் வம்சத்து ஜெத் அரசரின் கல்லில் அரண்மனை முகப்பின் மேல் நிற்கும் வல்லூறு, 5,000 ஆண்டுகளுக்கு முந்தையது, இன்றைய வடிவமைப்பாளர் யாரும் வெட்கப்பட வேண்டிய அளவுக்குச் சுத்தமான கோடு. அரிவாள் மூக்கன் தோத், எழுத்தின் தெய்வம். பிணந்தின்னிக் கழுகு நெக்பெத், மூத் ஆகிய தாய்த்தெய்வங்கள்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஓர் எளிய பறவை, கொண்டை வைத்த ஆள்காட்டி. எகிப்தியர் இதைச் சாதாரணக் குடிமக்களைக் குறிக்கப் பயன்படுத்தினார்கள். குளிர்காலத்தில் டெல்டா வயல்களில் பெருங்கூட்டமாக இறங்கும் பறவை அது. ஆரம்பகாலத்தில் இதன் நிலை கொடுமை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் தேள் அரசரின் கதாயுதத் தலையில், ஆள்காட்டிகள் கொடிக்கம்பங்களிலிருந்து கழுத்தில் கயிறு மாட்டித் தொங்குகின்றன. அடக்கப்பட்ட மக்கள் என்று பொருள். எழுத்தில் வரும்போதும் இரண்டு சிறகையும் முதுகில் முறுக்கிப் பின்னியபடிதான் நிற்கும், பறக்க முடியாத கட்டு. உயிரோடு பிடித்த கோழியைச் சந்தையில் சிறகு பின்னி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். பிறகு புதிய அரசுக் காலத்துக் (ஏறத்தாழ கி.மு. 1550க்குப் பின்) கோயில்களில் அதே ஆள்காட்டிக்கு இரண்டு மனிதக் கைகள் முளைக்கின்றன. ஒரு கிண்ணத்தின்மேல் அமர்ந்து, அரசர் பெயரை நோக்கிக் கைகளை உயர்த்தும், முன்னால் ஒரு நட்சத்திரம் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தால் ‘மக்கள் எல்லோரும் வணங்குகிறார்கள்’. கார்னக், லக்சர், மெடினெட் ஹாபு மூன்றிலும் தூணடிகளில் இதைத் தேடலாம். பொதுமக்கள் இதுவரை வரலாம் என்று காட்டும் குறி இது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நான் இதை நம்பவில்லை. பொதுமக்கள் நுழையவே முடியாத உள்ளிடங்களிலும் இதே உருவம் இருக்கிறது.

எழுத்துப் பறவைகளுக்கு உயிர் உண்டு என்று அவர்கள் உண்மையாகவே கருதினார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று, கி.மு. 1800க்கு அருகிலான சில அரச அடக்கங்கள். மூன்றாம் அமெனெம்ஹாட்டின் மகள் நெஃபெருப்தாவின் அடக்கப் பொருள்களிலும், தஹ்ஷூரில் 1894இல் ஷாக் தெ மோர்கன் கண்டெடுத்த ஹோர் அரசரின் அடக்கப் பொருள்களிலும் பறவை எழுத்துகளுக்குக் கால் இல்லை. ஆந்தை, காடைக்குஞ்சு, பாறு எல்லாமே உடலோடு நின்றுவிடுகின்றன. பாம்பு எழுத்துகள் வாலறுந்து கிடக்கின்றன. எழுதத் தெரியாமல் இல்லை, திட்டமிட்டே வெட்டினார்கள். அடக்க அறைக்குள் எழுத்து உயிர்பெற்று எழுந்து படையல் சோற்றைத் தின்றுவிடவோ, இறந்தவருக்குத் தீங்கு செய்யவோ கூடாது என்பதற்காக.

எழுத்துதான் கண்ணைக் கூர்மையாக்கியது என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பறவை கண்ணிலிருந்து மறைந்தால் செதுக்கலும் தளர்ந்துவிடும். வழுக்கைத்தலை அரிவாள் மூக்கன் என்ற பறவை, பிடரியில் சிலிர்த்த இறகோடு, இறந்தபின் ஒளிபெற்ற ஆன்மாவைக் குறிக்கும் ‘ஆக்’ என்ற சொல்லுக்கு எழுத்து. அகெனாடென் அரசரின் பெயரிலும் அது இருக்கிறது. பழைய அரசுக் காலத்தில் அதன் வளைந்த அலகு, குட்டைக் கால், பிடரிச் சிலிர்ப்பு எல்லாம் சரியாக வருகின்றன. பிற்காலத்தில் உடல் ஏதோ ஒரு பறவை போல ஆகிவிடுகிறது, பிடரிக் குடுமியை மட்டும் மறக்காமல் ஒட்டுகிறார்கள். செக் நாட்டு எகிப்தியவியலாளர் யிரி யனாக் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, பறவை எகிப்தில் அருகிப்போனதோடு இதைப் பொருத்திக் காட்டினார். ஆன்மாவின் இன்னொரு கூறான ‘பா’வைக் குறிக்கும் நெட்டை நாரையின் கதையும் இதுவே. அது இன்று சஹாராவுக்குத் தெற்கேதான் வாழ்கிறது. நேரில் பார்க்காத பறவையை முந்தைய செதுக்கலைப் பார்த்துச் செதுக்கினால், நகலின் நகலில் உயிர் தேயத்தான் செய்யும்.

இதனால் ஒரு சுவரின் பறவைகளை வைத்து அந்தக் காலத்துச் சூழலைப் பேசவும் வழி கிடைக்கிறது. அபு குராபில் நியுசெர்ரே அரசரின் சூரியக் கோயிலில் ‘பருவங்களின் அறை’ ஒன்று இருந்தது. ஒரு வருடத்தில் இயற்கையில் நடப்பதையெல்லாம் செதுக்கிய அறை: கூழைக்கடாக்கள், வலையில் விழும் பறவைகள், குட்டி போடும் விலங்குகள். 1898 முதல் 1901 வரை ஜெர்மானியர்கள் தோண்டியெடுத்தார்கள், பல துண்டுகள் பெர்லினில் இருக்கின்றன. அதற்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து மூன்றாம் துட்மோஸ், தன் 25ஆம் ஆட்சியாண்டில் சிரியப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த செடிகளையும் பறவைகளையும் கார்னக்கில் ஓர் அறையில் மணற்கல்லில் செதுக்க வைத்தார். இவை எல்லாம் உண்மையிலேயே இருப்பவை, பொய் இல்லை என்று சூரியன்மீது ஆணையிடுகிறார். செடிகள் சில கற்பனை கலந்தவையாகத்தான் தெரிகின்றன. பறவைகள் பரவாயில்லை, பலவற்றை அடையாளம் காணலாம்.

கடைசியாக ஒன்று, பார்க்கப் போகிறவர்களுக்கு. நேராக எதிரே நின்று பார்க்காதீர்கள், புகைப்படமும் எடுக்காதீர்கள். சுவரை ஒட்டி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒளி சாய்வாக விழும் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இரண்டு மில்லிமீட்டர்ப் புடைப்பும் இறகுக் கீறலும் எழும்பி வரும். வெளிச்சுவர்களுக்குக் காலையோ மாலையோ போங்கள். சக்காராவில் நேரம் குறைவாக இருந்தால் டி-யின் கல்லறையை முதலில் வையுங்கள். அப்புறம் கடைகளில் ‘பழங்காலப் பறவைப் பலகை’ என்று யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். எகிப்தின் 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டப்படி தொல்பொருள் வியாபாரமே குற்றம். நிஜமாக இருந்தால் உங்களுக்குச் சிக்கல், போலியாக இருந்தால் காசு போயிற்று. அவற்றில் பெரும்பாலும் காடைக்குஞ்சின் காலையும் தகைவிலானின் வாலையும் தப்பாகத்தான் செதுக்கியிருப்பார்கள், வாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.